மழையை அச்சிட்டவள்

கதிர்,

இந்தக் கடிதத்தை மூன்று முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். இரண்டு வரி எழுதியதும் உட்கார முடிவதில்லை. எழுந்து போய் காஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்கிறேன், மாடிக்குப் போய்க் காயப்போட்ட துணியைத் தொட்டுப் பார்க்கிறேன், மறுபடி இறங்கி வருகிறேன். எதிர்வீட்டு மேரி, "இன்னாண்ணா, காலைலேர்ந்து ஏறி எறங்கிக்கினே இருக்கீங்க, கல்யாண வேலையா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அது முழுப் பொய்யும் இல்லை. ஆவணியில் உன் கல்யாணம். அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது. போனில் பேசினால் பாதி வழியில் வேறு பேச்சுக்கு நழுவிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாய். கல்யாணம் முடிந்ததும் நீயும் நந்தினியும் சேர்ந்து தனியாகக் கட்டட வடிவமைப்பு அலுவலகம் தொடங்கப்போகிறீர்கள், இடம் பார்த்தாகிவிட்டது என்றாய். எனக்குச் சந்தோஷம். என்ன பெயர் வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"போர்டுல என் பேரு மட்டும்தாம்பா. ரெண்டு பேரு போட்டா கிளையன்ட்டு கன்ஃப்யூஸ் ஆயிடுவாங்க."

"நந்தினி என்ன சொல்றா?"

"அவ ஒண்ணும் சொல்லலப்பா. அவளுக்கு அதெல்லாம் பெரிசில்ல."

போனை வைத்த பிறகு கூடத்தில் நின்றுகொண்டே இருந்தேன். அந்த வாக்கியம் என்னுடையது. வார்த்தை மாறாமல் என்னுடையது. உன் அம்மாவைப் பற்றி எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். நீ பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாய்.

முதலிலிருந்து சொல்கிறேன். இதில் பாதி உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் பொறுத்துக்கொள். நான் தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தபோது, ஒரு இயந்திரத்தை நிறுவுவதற்காக ஜப்பானிலிருந்து ஓர் இன்ஜினீயர் வந்திருந்தார். ஊருக்குக் கிளம்பும்போது எனக்கு ஒரு காலண்டர் கொடுத்தார். பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு பழைய அச்சுப் படங்கள். ஜூன் மாதத்தில் ஒரு மரப்பாலம், அதன்மேல் குனிந்து ஓடும் மனிதர்கள், மேலிருந்து கீழே சாய்வாக மழை. ஒவ்வொரு மழைக்கோடும் தலைமுடி கனம். கோடு போடுவதே தொழிலாகக் கொண்டவன் நான். மையூற்றிய பேனாவால் அதைவிட மெல்லிசாகப் போட முடியாது. இது மரத்தில் செதுக்கி அச்சிட்டது என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை.

வீட்டுக்கு எடுத்து வந்து உன் அம்மாவிடம் காட்டினேன். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். உன் தாத்தாவுக்கு சிவாஜிநகரில் ரப்பர் ஸ்டாம்பும் அச்சுக்கட்டையும் செய்கிற கடை என்பது உனக்குத் தெரியும். அம்மா பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள். தமிழ், கன்னடம், உருது மூன்றையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுத அவளுக்கு வரும். உனக்கு எழுத்துப் பழக்கியபோது சிலேட்டில் 'அ'வைத் திருப்பிப் போட்டு, குளியலறைக் கண்ணாடி முன்னால் உன்னைத் தூக்கிக் காட்டுவாள், நீ கைதட்டிச் சிரிப்பாய். அவள் அந்தக் காலண்டரை ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.

"கோட்டை வெட்டலிங்க. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற மரத்தை எடுத்துட்டு, கோட்டை மட்டும் வுட்டு வெச்சிருக்காங்க. இந்த நீலத்துக்கே மூணு கட்டை இருக்கும். மேல இருட்டா இருந்து கீழ வரவர கொறையுது பாருங்க, அது மையில இல்ல, கையில இருக்கு."

அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் ஓவியத்தைப் பார்த்தேன். அவள் அதைச் செய்தவர்களைப் பார்த்தாள்.

பிறகு இருவரும் தேடித் தேடிப் படித்தோம். ஜப்பானில் வரைகிறவர் ஒருவர், செதுக்குகிறவர் ஒருவர், அச்சிடுகிறவர் ஒருவர், இவர்களையெல்லாம் கூட்டிவைத்து வெளியிடுகிறவர் ஒருவர். எங்கள் வீட்டில் இரண்டே பேர். நான் வரைவேன். உல்சூர் ஏரி, மழையில் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு, காக்ஸ் டவுன் தேவாலயத்திலிருந்து குடை பிடித்து இறங்கி வருகிறவர்கள். மற்றது எல்லாம் அவள். பக்கத்தில் உள்ள சன்னபட்டணாவின் பொம்மைக்காரர்கள் கடைகிற வெள்ளை மரத்தை வரவழைத்து, பலகைகளை ஒட்டவைத்து, ஒரு நிறத்துக்கு ஒரு கட்டை செதுக்குவாள். ஒவ்வொரு கட்டையின் மூலையிலும் தாள் வந்து உட்காரச் சின்னதாக ஒரு படி வெட்டுவாள். அது மயிரிழை தவறினாலும் குடை ஓரிடத்திலும் குடையின் நிறம் வேறிடத்திலும் விழும். முதல் நாளே தாளை நனைத்து அடுக்கிவைப்பாள். அரிசிக்கஞ்சியும் நிறமும் குழைத்துப் பிரஷால் தடவுவாள். தாளை வைத்து, பின்பக்கத்தில் ஒரு வட்டத் தட்டால் தேய்ப்பாள். ஜப்பானியர்கள் அதை 'பாரென்' என்பார்கள். அதன்மேல் சுற்றும் மூங்கில் உறை இங்கே கிடைக்காததால் பாக்கு மட்டையின் உள்தோலைச் சுற்றி அவளே செய்துகொண்டாள், அதற்குப் 'பேரன்' என்று பெயரும் வைத்தாள். "என் பேரனை யாரு எடுத்தது?" என்று அவள் கத்த, உனக்கு மூன்று வயதாகும்போதே எதிர்வீட்டுக்காரர்கள் குழம்பிப்போனது உனக்கு ஞாபகம் இருக்காது.

முதல் கண்காட்சிக்கு ஒரு கேலரிக்காரர் வந்தார். படத்தின் அடியில் பென்சிலால் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். நான் போட்டேன். அம்மா அங்கேதான் நின்றாள். "ஜப்பான்லயும் வரைஞ்சவரு பேருதான கோமதி" என்று நானாகவே அவளிடம் விளக்கம் சொன்னேன். அவள் கேட்கவே இல்லை. ஜப்பான்காரர் ஒருவர் வரைந்த பெரிய அலைப் படத்தை உலகமே பார்த்திருக்கிறது, அதைச் செதுக்கியவர் பெயர் யாருக்காவது தெரியுமா என்றேன். அவள், "தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவப் போனாள். அதுவரையாவது அரைகுறை நியாயம் இருந்தது என்று வைத்துக்கொள். ஆனால் கேலரிக்காரர் அச்சடித்த மடக்குத்தாளில், 'தானே வரைந்து, தானே செதுக்கி, தானே அச்சிடும் கலைஞர்' என்று போட்டிருந்தது. ஜப்பானில் பிற்காலத்தில் அப்படி எல்லாவற்றையும் தாமே செய்கிற ஓவியர் கூட்டம் ஒன்று கிளம்பியது உண்மை. அந்தப் பெருமையையும் யாரோ என் தலையில் வைத்தார்கள். நான் இறக்கி வைக்கவில்லை.

உனக்குப் பன்னிரண்டு வயதில் நடந்த கண்காட்சி நினைவிருக்கிறதா? ஜப்பானிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். நாற்பது வருடமாக அச்சிடுவதையே தொழிலாகச் செய்கிறவர். மழையில் பஸ் ஸ்டாண்டு படத்தின் முன்னால் நின்றுவிட்டார். வானம் மேலே கறுத்து, கீழே வரவரக் கரைந்து, பஸ்களின் தலைக்குமேல் ஒன்றுமில்லாமல் போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூட வந்த பெண்ணிடம் ஏதோ கேட்டார். அவள் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டாள்: இதை அச்சிட்டது யார்?

"நான்தான்" என்றேன்.

நீ என் பக்கத்தில் நின்றிருந்தாய். "இல்ல, அம்மாதான் பண்ணாங்க" என்றாய், சத்தமாக, தமிழில். சுற்றி இருந்த நாலைந்து பேர் திரும்பினார்கள். நான் சிரித்தேன். உன் தலையைத் தடவி, "இவனும் அவங்கம்மாவும் கஞ்சி காய்ச்சுவாங்க, அதைச் சொல்றான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், பெரியவர்கள் பேசும்போது நடுவில் பேசாதே என்று உன்னை அதட்டினேன். அதற்குப் பிறகு எந்தக் கண்காட்சிக்கும் நீ வரவில்லை. பரீட்சை, கிரிக்கெட், தலைவலி என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொன்னாய். நானும் கேட்காமல் விட்டேன்.

நீ பார்க்காத ஒன்றும் அன்றைக்கு நடந்தது. அந்தப் பெரியவர் என்னோடு கைகுலுக்கினார். கையை விடவில்லை. திருப்பி, என் உள்ளங்கையைப் பார்த்தார். பாரெனை அழுத்தித் தேய்த்துத் தேய்த்து அவர்களுக்கு உள்ளங்கையின் அடிப்பகுதி காய்த்துப்போயிருக்கும். என் கை பென்சில் பிடித்த கை, மெத்தென்று இருந்தது. பிறகு கையை விட்டார். காபி மேசைக்குப் போனார். உன் அம்மா அங்கே டம்ளர்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் டம்ளரை வாங்கினார், அவள் கையைப் பார்த்தார், பிறகு இடுப்பு வளைத்து வணங்கினார். அவள் பதறிப்போய்த் தானும் வணங்கினாள். அது அவர்கள் ஊர் மரியாதை என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, "எவ்ளோ பணிவு பாருங்க அந்தத் தாத்தாவுக்கு, ஒரு காபிக்கு" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

நான்கு மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலத்தில், தட்டச்சு செய்தது. கியோத்தோவில் அவருடைய அச்சுப் பட்டறையில் மூன்று மாதம் தங்கி வேலை செய்ய அழைப்பு. 'மழையை அச்சிட்டவருக்கு' என்று எழுதியிருந்தார். பெயர் இல்லை. என் பெயர் அவருக்குத் தெரியாமலில்லை, உறையின்மேல் அதுதானே இருந்தது! தெரிந்தே விட்டிருந்தார்.

அந்தக் கடிதத்தை நான் மறைத்துவிட்டேன், கதிர்.

காரணங்கள் நிறைய வைத்திருந்தேன். நீ ஏழாவது படிக்கிறாய். உன் பாட்டிக்கு வயதாகிவிட்டது. அம்மாவுக்கு இங்கிலீஷ் சரளமாக வராது, தனியாக எப்படிப் போவாள்? எல்லாமே பார்த்தால் அக்கறைபோலத்தான் இருக்கும். உண்மை வேறு. அவள் போனால் திரும்பி வரும்போது யார் அச்சிட்டது என்று ஊருக்கே தெரிந்துவிடும். 'குடும்பச் சூழ்நிலை இடம் தரவில்லை' என்று பதில் எழுதி, கடிதத்தை என் டிராயிங் கருவிப் பெட்டியின் வெல்வெட் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். பதினேழு வருடம் அங்கேயே இருந்தது. இடையில் இரண்டு வீடு மாறினோம். இரண்டு தடவையும் பெட்டியை நானே கையில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

உன் போன் வந்த ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், கடிதத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துப் படித்துச் சொன்னேன். எதை வேண்டுமானாலும் எதிர்பார்த்தேன். தட்டை வீசுவாள், அழுவாள், இத்தனை வருடத்தையும் சேர்த்துத் திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் கேட்டது இதுதான்:

"எந்த மாசம்னு போட்டிருக்கு?"

"ஏப்ரல், மே, ஜூன்."

"கதிருக்கு லீவு." விரலை மடக்கினாள். "அத்தைக்கு அப்ப ஒடம்பு நல்லாத்தான இருந்துது? எங்க அக்கா வூட்ல கொண்டுபோயி வுட்டிருக்கலாம். ஜூன்ல ஸ்கூலு தொறக்கறப்ப யூனிஃபார்ம், புக்கு. அது மட்டும் நீங்க பாத்துக்கிட்டிருக்கணும்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அவ்ளோதான?"

பதினேழு வருடம் கழித்து, என் கண் முன்னால், அவள் அந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். எல்லாம் சரியாகப் பொருந்தியது. எந்தத் தடையும் இல்லை.

மறுநாள் காலையில் ஒரு பையில் நாலு புடவை எடுத்துக்கொண்டு காக்ஸ் டவுனில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கல்யாணப் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைக்கப் போயிருக்கிறாள் என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். ஃபால்ஸ் தைத்தாள்தான், ஆனால் அதற்காகப் போகவில்லை.

தனியாக இருந்த அந்த நாட்களில் நான் அச்சிட்டுப் பார்த்தேன். உல்சூர் ஏரிப் படத்தின் கட்டைகளை எடுத்து, அவள் செய்வதை இத்தனை வருடம் பார்த்திருக்கிறோமே என்ற தைரியத்தில் இறங்கினேன். பார்த்தது எதுவும் உதவவில்லை. தாள் ஒன்று குழைந்தது, ஒன்று சுருங்கியது. பிரஷின் ஒரு ஓரத்தை மட்டும் ஈரமாக்கி இழுத்தால் நிறம் தானாகக் கரையும் என்று நினைத்திருந்தேன். என் வானம் கறை பிடித்த சுவர்போல வந்தது. இரண்டாம் நாள் தோள் பிடித்துக்கொண்டது. ஒன்பதாம் நாள், இருப்பதில் தேவலாம் என்று தோன்றிய ஒன்றைச் சுருட்டிக்கொண்டு காக்ஸ் டவுனுக்கு பஸ் ஏறினேன்.

பெரியம்மா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மா ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"தண்ணி ஜாஸ்தி. இந்த ஓரத்துல கட்டையே நகர்ந்திருக்கு. எத்தினி பேப்பரு வீணாக்குனீங்க?"

"நாப்பத்தி மூணு."

"ஐயோ, அது கதிர் கல்யாணப் பத்திரிகைக்குன்னு எடுத்து வெச்சதாச்சே!" முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. "கட்டையைத் தொடச்சீங்களா? நிழல்ல வெச்சீங்களா?"

அச்சிட்ட மேசைமேலேயே விட்டு வந்ததைச் சொன்னேன். அவள் ஊசியைக் குத்திவைத்துவிட்டு எழுந்தாள்.

"அக்கா, நான் கெளம்பறேன். ஈரத்தோட வெச்சிருக்காரு, கட்டை வளைஞ்சிடும்." செருப்பு மாட்டும்போது என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "உங்களுக்கோசரம் வரல. அந்த லெட்டரை எனக்குக் குடுத்துடணும். அதுல அட்ரஸ் இருக்கில்ல?"

அட்ரஸ் இருந்தது. பெரியம்மா மகள் சுதா உதவியோடு அவளே எழுதிப் போட்டாள். என்ன எழுதினாள் என்று என்னிடம் காட்டவில்லை. மூன்று வாரத்தில் சுதாவின் மெயில் முகவரிக்குப் பதில் வந்தது. அந்தப் பெரியவர் இறந்து ஏழு வருடமாகிறது. பட்டறையை இப்போது அவர் மகள் நடத்துகிறாள். முன்போல மூன்று மாதம் வைத்துக்கொள்ள வசதி இல்லை, ஆறு வாரம் வரலாம், ஒருவருக்குத்தான் இடம் இருக்கிறது என்று எழுதியிருந்தாள். பெரியவர் இறந்த செய்தியைச் சுதா படித்ததும் அம்மா அடுக்களைக்குப் போய்விட்டாள். அந்த வணக்கம் காபிக்காக இல்லை என்று அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். அவள் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். "ஒரு வார்த்தை பதில் சொல்லியிருப்பேனே" என்றாள். இதற்கு நான் எதைக் கொண்டுபோய் ஈடு வைப்பது?

கேலரிக்குப் போனேன். இப்போது நடத்துகிற பெண், "சார், இவ்ளோ வருஷமா ஒரே பேருல போயிருக்கு, இப்போ சேஞ்ச் பண்ணா வாங்கினவங்க என்னைத்தான் கேப்பாங்க" என்று சங்கடப்பட்டாள். கேட்கட்டும், என்னிடம் அனுப்புங்கள் என்றேன். அவர்களிடம் மீதமிருந்த ஆறு படங்களில் அவள் பெயரையும் பென்சிலால் எழுதினேன். செதுக்கியது, அச்சிட்டது என்று தனித்தனியாக. மற்றவை எங்கெங்கோ யார் யார் வீட்டுச் சுவரிலோ என் ஒற்றைப் பெயரோடு தொங்குகின்றன. அவற்றை என்னால் திருத்த முடியாது.

உன் கல்யாணப் பத்திரிகைக்கான படத்தை அவளே வரைந்தாள், முதல் தடவையாக. சிவாஜிநகரில் அவள் அப்பா கடை, இறக்கிய ஷட்டர், வெளியே மழைக்கு ஒதுங்கி நிற்கிற இரண்டு பேர். ஷட்டரின் கோடுகள் நேராக இல்லை. என் கை துறுதுறுத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்த் தாள் நனைத்தேன். அடுத்த வாரம் உனக்குப் பத்திரிகைக் கட்டு வந்து சேரும்.

இனி உன் விஷயம். நீங்கள் இருவரும் சேர்ந்து வடிவமைத்த முதல் வீட்டில், வெளிச்சம் விழுகிற அந்த மாடிப்படியைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாய். யார் யோசனை என்று கேட்டதற்கு, "நந்தினியோடது" என்று ஒரு கணம் தயங்கித்தான் சொன்னாய். அந்தத் தயக்கத்தை நான் நன்றாக அறிவேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை என்கிறாய். நீ கேட்டாயா? கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருந்தாயா? உன் அம்மாவிடம் நான் கேட்டதில்லை. அவள் பேசாமலிருந்ததை எனக்கு வசதியாக வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு வயதில் நாலு பேர் நடுவில் நீ உண்மையைச் சொன்னாய், நான் அதைச் சிரித்தே அழித்தேன். என் வாக்கியத்தை உன் வாயில் கேட்டபோது எனக்கு வந்த பயத்தை எழுத்தில் காட்டத் தெரியவில்லை. என்னை மன்னிக்க வேண்டுமா என்பதைப் பிறகு யோசி. முதலில் நந்தினியோடு உட்கார்ந்து பேசு.

நேற்று சாயங்காலம் சுதா விசா படிவத்தோடு வந்தாள். அம்மா ஐப்பசியில் கிளம்புகிறாள். பெரியம்மாவோடு சிங்கப்பூர் போக எடுத்த பாஸ்போர்ட் இருப்பதால் அந்த வேலை மிச்சம். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு வந்தார்கள். ஓரிடத்தில் சுதா நின்றாள்.

"சித்தி, இப்ப பண்ற தொழில் என்னன்னு கேட்டிருக்கு. இன்னா போடறது? ஹவுஸ்வைஃபா?"

நான் வாயைத் திறந்தேன். கலைஞர் என்று போடச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

"நீங்க இருங்க" என்றாள் அம்மா. "பேனாவை இப்படிக் குடு சுதா."

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, ஆங்கிலத்தில் ஏழு எழுத்து எழுதினாள். சுதா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பிரிண்டரா? சித்தி, மெஷினுன்னு நெனச்சிக்கப் போறாங்க."

"அந்த ஊர்ல நெனைக்கமாட்டாங்க" என்றாள் உன் அம்மா. அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

அப்பா